ஓட்டில் 1865 என்று இருந்தால்

செட்டிநாட்டு வீடுகளைப் படமெடுத்து ஆவணப்படுத்தும் வேலைக்கு வந்த புதிதில், ஒரு வீட்டின் போதிகைகளை (தூணின் தலையில் உத்திரத்தைத் தாங்கும் செதுக்கிய கட்டைகளை) அழகழகாகத் தனித்தனியே எடுத்து வந்தேனே தவிர, எது எந்தத் தூணுக்குரியது என்று குறித்துக்கொள்ளவில்லை. மறுமுறை போனபோது, பங்காளிகள் பாகம் பிரித்து வளவின், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிய பகுதியின், தூண்களைப் பழம்பொருள் வியாபாரிக்கு விற்றிருந்தார்கள். என்னிடமிருந்த படங்கள் வெறும் மரத்துண்டுகளின் படங்களாகிவிட்டன.

ஆகவே இப்போது முகப்பு, பட்டாலை என்னும் முன்கூடம், வளவு, இரண்டாங்கட்டு என்று வீட்டுக்குள் நடக்கும் வரிசையிலேயே எடுக்கிறேன். முதலில் முழுச் சுவர், பிறகு தூண், அதன்பின் அளவுகோல் வைத்துப் போதிகை. நிலைக்கதவின் செதுக்கலுக்கும் சுதை வேலைக்கும் நேராக ஃபிளாஷ் அடித்தால் மேடுபள்ளமெல்லாம் தட்டையாகிவிடும். பொழுது சாய்ந்தபின் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். வாசலுக்கு மேலிருக்கும் கஜலட்சுமியின் மீது கொத்தனார் கரணை இழுத்த தடமும், பின்னாளில் பூசிய வண்ணத்தின் விளிம்பும் தனித்தனியே தெரியும்.

வீட்டின் வயதைக் கணிப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். மங்களூர் ஓட்டில் பாசல் மிஷன் என்ற சுவிஸ் கிறிஸ்தவ அமைப்பின் பெயரோடு 1865 என்று கண்டால் வீடும் அந்த ஆண்டுக்குரியது என்று எழுதிவிடுகிறார்கள்; அது அந்த மிஷனின் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு, ஓடு வார்த்த ஆண்டன்று. முதல் உலகப் போரையொட்டி அந்நிறுவனம் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் கைக்கு மாறியதால், பாசல் மிஷன் முத்திரை பெரும்பாலும் அதற்கு முந்தைய ஓடு என்பதைக் காட்டும், அவ்வளவே. அதையும் வேறொரு கூரையிலிருந்து இறக்கி வேய்ந்திருக்கலாம். கண்ணாடிமேல் வண்ணச் சிமென்ட் ஊற்றி, சூளையில் சுடாமல் நீரில் ஊறவைத்துச் செய்யும் ஆத்தங்குடித் தரைக்கல்லோ இன்றும் தயாராகிறது. தரையை வைத்து வயது சொல்வது இன்னும் ஆபத்து.

இதைவிட ஆச்சிமார் பெட்டியில் வைத்திருக்கும் கல்யாணப் படங்கள் நம்பகமானவை. மாப்பிள்ளைக்குப் பின்னால் தெரியும் தூணும் தரையும், அந்த முகூர்த்த நாளில் அவை அங்கே இருந்ததற்குச் சாட்சி. பத்திரங்களைக் கேட்பதற்கு முன் இவற்றைக் கேளுங்கள். பாகப் பிரச்சினை நடக்கும் வீட்டில் பத்திரம் என்ற சொல்லே கதவை அடைத்துவிடும்.

உரிமையாளர் சம்மதித்தாலும், பூட்டிக் கிடக்கும் வீட்டின் நிலைக்கதவுப் படத்தை ஊர், தெருப் பெயருடன் வெளியிடாதீர்கள். கைபேசிப் படத்தோடு பதிவாகும் இருப்பிடக் குறிப்பையும் நீக்கிவிடுங்கள். அந்தக் கதவுக்கு விலை பேச ஆள் இருக்கிறது.