காந்தியின் க, கண்ணனின் க

ரோமானியக் கல்வெட்டு ஒன்றின் படத்தை வாசகர் ஒருவர் அனுப்பியிருந்தார். 'காயஸ் என்ற பெயரைச் சுருக்கும்போது ஜி என்ற எழுத்துதானே வர வேண்டும்? ஏன் சி என்று வெட்டியிருக்கிறார்கள்?' என்பது அவர் கேள்வி. ஜூலியஸ் சீசரின் முதற்பெயரும் இதுதான். இதில் வரும் முதல் ஒலி காந்தியில் வரும் க.

கிரேக்க நெடுங்கணக்கின் மூன்றாம் எழுத்து காமா. அதற்கும் காந்தியின் க ஒலிதான். அது பண்டைய இத்தாலியில் வாழ்ந்த எட்ரஸ்கர்களிடம் போனது. அவர்கள் மொழியில் அந்த ஒலியே இல்லாததால், கண்ணனின் க ஒலிக்கு அதை வைத்துக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து எழுதக் கற்ற ரோமானியர்களுக்கோ இரண்டு ஒலிகளும் தேவைப்பட்டன. சி என்ற ஒரே எழுத்து இரண்டுக்கும் உழைத்தது.

தமிழருக்கு இது புதிதல்ல. கல், அகம், தங்கம் என்று நாமும் ஒரே எழுத்தைத்தான் எழுதுகிறோம். ஆனால் எந்த இடத்தில் எப்படி ஒலிக்கும் என்பது நம் நாவுக்குத் தெரியும். லத்தீனில் சொல்லின் முதலிலேயே இரண்டு ஒலிகளும் வரும். இடத்தை வைத்துக் கண்டுபிடிக்க வழியில்லை. நாம் கணபதியைப் படிப்பதுபோல, சொல்லை முன்பே அறிந்திருந்தால்தான் உண்டு.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் சி எழுத்தில் ஒரு சிறு கோடு சேர்ந்து ஜி பிறந்தது. விடுதலை பெற்ற அடிமையும் பள்ளி ஆசிரியருமான ஸ்பூரியஸ் கார்விலியஸ் அதைச் செய்தார் என்கிறார் பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க். ஒரே ஒரு கோடு! எனக்கு இது சக்கரத்துக்கு நிகரான கண்டுபிடிப்பு. பெயரில் எழுத்தைக் கூட்டினால் அதிர்ஷ்டம் வரும் என்று சொல்லிப் பணம் பறிப்பவர்களை நம்பும் நேரத்தில், எழுத்து எப்படிப் பிறந்தது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

புதிய எழுத்து வந்தும் பழைய சுருக்கம் மாறவில்லை. ரோமானியரிடம் வழக்கிலிருந்த முதற்பெயர்கள் மிகச் சில. அவற்றின் சுருக்கங்கள் முத்திரைபோல் உறைந்துவிட்டன. காந்தியின் க ஒலியில் தொடங்கும் க்னேயஸ் என்ற பெயரும் அப்படியே, சுருக்கத்தில் சி-யில்தான் தொடங்கும். இன்னும் அழகானது, சி எழுத்தைத் திருப்பிப் போட்டால் காயா, அதாவது 'ஒரு பெண்' என்று பொருள். பெண் ஒருத்தியால் விடுதலை பெற்ற அடிமைகளின் கல்லறைகளில் அந்தத் திருப்பிய எழுத்தைக் காணலாம்.

பின்னாளில் பலர் சி எழுத்தைப் பார்த்தே, காயஸ் என்ற பெயரைக் கண்ணனின் க ஒலியோடு படித்தார்கள். இத்தாலியர் 'யாரோ ஒருவர்' என்பதற்குச் சொல்லும் பெயர்களில் காயோவும் ஒன்று. பிரேசிலில் இன்றும் பையன்களுக்குக் காயோ என்று பெயர் வைக்கிறார்கள். அங்கே ஒலிப்பது கண்ணனின் க.