மலிவு விலைத் தலைகீழ் ராட்டினங்களைப் பூங்காக்கள் வாங்கலாமா?

கோடை விடுமுறைக்கு நான்கைந்து மாதங்கள் இருக்கும்போதே, ராட்டினப் பாதுகாப்பு ஆய்வில் இருக்கும் எங்களைப் போன்ற பொறியாளர்களிடம் நடுத்தரப் பொழுதுபோக்குப் பூங்கா உரிமையாளர்கள் ஒரே கேள்வியைக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள்: "ஆளைத் தலைகீழாகச் சுற்றும் ரைடு ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது சார், போடலாமா?" தலைகீழாகப் புரட்டும் ராட்டினம் ஒன்றாவது இல்லாத பூங்காவைக் கல்லூரி மாணவர்கள் குழந்தைகள் பூங்கா என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அதே சமயம், மகாராஷ்டிரத்தின் இமேஜிகா பூங்காவில் 2013-இல் வந்த நைட்ரோவைப் போன்ற பெரிய ரோலர் கோஸ்டரை நிறுவும் வசதி எல்லோருக்கும் கிடையாது. ஆகவே கேள்வி நியாயமானதுதான். என் பதிலும் பெரும்பாலும் "போடலாம்" என்பதாகவே இருக்கும். ஆனால் எளிமையாக வடிவமைக்கப்பட்டதால் விலை குறைந்த ராட்டினத்துக்கும், செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதால் விலை குறைந்த ராட்டினத்துக்கும் உள்ள வேறுபாட்டை, விலைப்பட்டியலை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

எளிமையால் மலிவானதற்கு நல்ல எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பிளெயின்வியூ நகரில் இயங்கும் லார்சன் நிறுவனத்தின் வளைய ராட்டினம். சுமார் 70 அடி உயரத்துக்கு நிற்கும் ஒரு வட்டத் தண்டவாளம், அதற்குள் ஓடும் ஒரே ஒரு ரயில், அதை முன்னும் பின்னும் உந்தும் சக்கரங்கள் என்பதற்கு மேல் அதில் பெரிதாக எதுவும் இல்லை. அமெரிக்காவின் பெரிய பூங்காக் குழுமமான சிக்ஸ் ஃபிளாக்ஸ் 2015-இல் கிரேட் அட்வெஞ்சர் பூங்காவில் எல் டியாப்லோ என்ற பெயரிலும், 2016-இல் நியூ இங்கிலாந்து, செயின்ட் லூயிஸ் பூங்காக்களில் ஃபயர்பால் என்ற பெயரிலும் இந்த வகையை நிறுவியது. பெரிய குழுமமே வாங்கியதால் அது மட்டமான பொருள் அல்ல என்பது தெரிகிறது. எனினும் எல் டியாப்லோ சில ஆண்டுகளிலேயே அங்கிருந்து அகற்றப்பட்டது. இத்தகைய ராட்டினத்தின் புதுமை சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதையும், ஒரு ஓட்டத்தில் ஏற்றக்கூடிய ஆட்கள் குறைவு என்பதால் வரிசை நீளும் என்பதையும் வாங்குபவர் முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது.

வட்ட வளையம் என்றதும் விவரமறிந்த சிலர் 1895-இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் ஓடிய ஃபிளிப் ஃபிளாப் ரோலர் கோஸ்டரை நினைவூட்டுவார்கள். முழு வட்டமான அந்த வளையத்துக்குள் வேகமாக நுழைந்த பயணிகளின் கழுத்து படாதபாடு பட்டது. கீழே அகன்றும் மேலே குறுகியும் இருக்கும் நீர்த்துளி வடிவ வளையத்தை ஜெர்மன் பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கல் கணக்கிட்டு, ஆன்டன் ஷ்வார்ஸ்காஃப் நிறுவனம் 1976-இல் கலிஃபோர்னியாவில் ரெவல்யூஷன் என்ற ரோலர் கோஸ்டரைக் கட்டிய பிறகுதான் நவீன வளையங்கள் பரவின. லார்சன் வகையில் ரயில் ஒரே வேகத்தில் பாய்ந்து நுழைவதில்லை. ஊஞ்சலைப் போல மெல்ல மெல்ல உந்தப்பட்டே உச்சிக்கு ஏறுகிறது. அதனால் கழுத்துக்கு ஆபத்து குறைகிறது. ஆனால் உச்சியில் ரயில் மிக மெதுவாக நகர்வதால், பயணியை இருக்கையோடு அழுத்திப் பிடிக்கும் விசை அங்கே இருக்காது. உடலின் முழு எடையும், தோளுக்கு மேலே இறங்கிப் பூட்டிக்கொள்ளும் தோள்பட்டைப் பிடிப்பின் மேல் விழுகிறது. வேகமான ரோலர் கோஸ்டரின் வளையத்தில் பிடிப்பு பெரும்பாலும் ஒரு கூடுதல் பாதுகாப்புதான் என்றால், இங்கே ஆளைத் தாங்குவதே அதுதான்.

இதனால்தான் நான் முதலில் கேட்பது விலையை அல்ல. "ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் இது எங்கே வந்து நிற்கும்?" என்றுதான் கேட்பேன். வளைய ராட்டினத்தில் உந்து சக்கரங்கள் விட்டுவிட்டால் ரயில் பெரும்பாலும் தன் எடையாலேயே உருண்டு கீழே வந்துவிடும். உச்சியில் சமநிலையில் நின்றுவிட்டால் மட்டும் கையால் நகர்த்தும் ஏற்பாடு வேண்டும். நீண்ட கையின் நுனியில் ஆட்களைக் கட்டிச் சுழற்றும் ஊசல் வகையில் நிலைமை வேறு. மோட்டாரோ பிரேக்கோ இறுகிக்கொண்டால் அது இறுகிய இடத்திலேயே நிற்கும். 2024 ஜூன் 14 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஓக்ஸ் பூங்காவின் அட்மாஸ்ஃபியர் ராட்டினத்தில் 28 பேர் ஏறக்குறைய அரை மணி நேரம் தலைகீழாகத் தொங்கியது இப்படித்தான். பெரிய காயம் எதுவும் இல்லாமல் எல்லோரும் இறக்கப்பட்டார்கள் என்றாலும், இரத்த அழுத்தமோ கண் நோயோ உள்ளவருக்கு அந்த அரை மணி நேரம் சாதாரணமானதல்ல.

சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு பூங்காவில் 2025 மே மாதம் 30-க்கும் மேற்பட்டோர் உயரத்தில் மணிக்கணக்கில் சிக்கிக்கொண்டதையும், தீயணைப்புத் துறையின் ராட்சத ஏணி வாகனம் வந்த பிறகே அவர்கள் இறக்கப்பட்டதையும் பலர் நேரலையிலேயே பார்த்தார்கள். அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள் என்பது ஒரு ஆறுதல். அத்தகைய ஏணி வாகனம் உங்கள் மாவட்டத் தலைநகரில் இருக்கிறதா, இருந்தால் பூங்காவுக்கு வந்து சேர எவ்வளவு நேரமாகும், உள்ளே அது நுழையப் பாதை இருக்கிறதா என்பதையெல்லாம் ராட்டினம் வாங்கும் முன்பே உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்தில் கேட்டுவிட வேண்டும்.

தோள்பட்டைப் பிடிப்பைப் பொறுத்தவரை விதிகள் தெளிவாகவே உள்ளன. அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். எஃப் 2291 தரவிதி பிடிப்புகளை ஐந்து வகுப்பாகப் பிரிக்கிறது. கடும் விசையில் பயணியை இருக்கையிலிருந்து வெளியே இழுக்கும் ராட்டினங்களுக்கு உரிய ஐந்தாம் வகுப்பில், ஒரு பூட்டு பழுதானாலும் இன்னொன்று தாங்க வேண்டும், பூட்டாத இருக்கை இருந்தால் ராட்டினமே புறப்படக் கூடாது. மலிவான நகல்களில் முதலில் காணாமல் போவது இதுதான். பார்வைக்கு அதே நுரைமெத்தை, அதே மஞ்சள் பட்டை எல்லாம் இருக்கும். ஆனால் உள்ளே ஒற்றைப் பல்சக்கரப் பூட்டுதான் இருக்கும், அது பூட்டியதா என்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லும் சென்சார் இருக்காது. அப்படிப்பட்ட ராட்டினத்தை எந்த விலைக்கும் வாங்காதீர்கள் என்றே சொல்வேன்.

அடுத்தது உலோகச் சோர்வு, அதாவது சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் உலோகம் வலுவிழந்து வெடிப்பு விடுவது. உரிமையாளர்கள் இதை வயோதிகம் போல ஒருநாள் வரும் என்று நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால் அந்த நாள் அவ்வளவு தூரத்தில் இல்லை. ஒரு ஓட்டத்தில் 10 முறை ஏறி இறங்கும் ராட்டினம் நாளொன்றுக்கு 100 ஓட்டம் ஓடினால் 1,000 சுமைச் சுழற்சிகள் ஆகின்றன. ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் 3 லட்சம். ஐரோப்பிய எஃகு வடிவமைப்பு நெறியில் ஒரு வெல்டிங் இணைப்பின் சோர்வுத் தரத்தைக் குறிக்க அடிப்படையாகக் கொள்ளும் 20 லட்சம் சுழற்சிகளை இந்த ராட்டினம் ஏழே ஆண்டுக்குள் எட்டிவிடுகிறது. எல்லா வெல்டும் அன்றே விடும் என்று இதற்குப் பொருளல்ல. ஆனால் அதற்குள் முக்கிய இணைப்புகளை காந்தத்தூள் சோதனையோ, சாயம் ஊடுருவும் டை பெனட்ரன்ட் சோதனையோ செய்து பார்க்காத பூங்கா குருட்டு நம்பிக்கையில்தான் ஓட்டுகிறது.

வெல்டின் ஓரத்தில் தொடங்கும் வெடிப்பு முதலில் தலைமுடி அளவுக்கே இருக்கும். பெயின்ட் மெல்லிய கோடாகப் பிளந்து, அதிலிருந்து காவி நிறத்தில் துரு கசிந்திருப்பதுதான் கண்ணுக்குத் தெரியும் ஒரே அடையாளம். ஆய்வுக்கு முந்தைய நாள் ராட்டினம் முழுவதற்கும் புதுப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று காட்டும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. ஆய்வாளரை மதிப்பதாக எண்ணித்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் அந்தப் பெயின்ட் மறைப்பது நாங்கள் தேடி வந்த அந்தக் கோட்டைத்தான். போல்ட்டுகளிலும் இதே கதைதான். தயாரிப்பாளர் கொடுத்த போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்று தர எண் பொறித்திருக்கும். அது தொலைந்ததும் பக்கத்து ஹார்டுவேர் கடையில் வாங்கி மாட்டிய மொட்டைத் தலை போல்ட்டைப் பலமுறை கழற்றச் சொல்லியிருக்கிறேன்.

வெளியே தெரியாத துரு இதைவிடப் பொல்லாதது. 2017 ஜூலையில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பொருட்காட்சியில் ஃபயர் பால் என்ற ஊசல் ராட்டினத்தின் இருக்கைத் தொகுதி ஓட்டத்திலேயே பிய்ந்து விழுந்து ஒருவர் இறந்தார், ஏழு பேர் காயமடைந்தனர். இருக்கைகளைத் தாங்கிய உத்திரக் குழாயின் உட்புறம் பல ஆண்டுகளாக அரித்து, சுவர் மெலிந்துபோனதே காரணம் என்று அதைத் தயாரித்த நெதர்லாந்தின் கே.எம்.ஜி. நிறுவனம் தெரிவித்தது. (மேலே சொன்ன ஃபயர்பால் வேறு, இது வேறு.) கடலோரக் காற்றில் நிற்கும் பூங்காக்களுக்கு நான் வலியுறுத்துவது, குழாய்ச் சுவரின் தடிமனை ஆண்டுதோறும் அல்ட்ராசோனிக் கருவியால் அளந்து எழுதி வைக்க வேண்டும் என்பதை. 2019 ஜூலையில் அகமதாபாத்தின் கன்காரியா ஏரிப் பூங்காவில் ஊசல் ராட்டினம் உடைந்து இருவர் இறந்ததும், 25-க்கும் மேற்பட்டோர் காயமடைந்ததும் இந்த வகையைச் சந்தேகத்தோடு பார்க்க நம் நாட்டிலேயே கிடைத்த பாடம்.

பழைய ராட்டினத்தை வாங்குவதை நான் முற்றாக எதிர்க்கவில்லை. எஃப் 2291 விதிப்படி வடிவமைப்பில் குறைந்தது 35,000 இயக்க மணி நேரத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் அது ஏறக்குறைய பதினான்கரை ஆண்டுகள். வெளிநாட்டில் 15 ஆண்டுகள் ஓடிய ராட்டினம் இங்கே மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும். ஓட்ட மணி நேரப் பதிவேடும், தயாரிப்பாளர் அனுப்பிய திருத்த அறிவிப்புகளும், அவற்றைச் செய்து முடித்ததற்கான சான்றும் வந்தால் பேசலாம். பதிவேடு தொலைந்துவிட்டது என்று தரகர் சொன்னால், பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளலாம்.

ராட்டினத்தை நிறுவிய பின் ஆள் ஏற்றாமல், எடைக்கு மணல் மூட்டையையோ தண்ணீர் நிரப்பிய பொம்மைகளையோ கட்டித்தான் சோதனை ஓட்டம் செய்ய வேண்டும். 2016 மே மாதம் தாம்பரம் அருகே ஒரு பூங்காவில் புதிய ராட்டினத்தின் சோதனை ஓட்டத்தின்போது அது சரிந்ததில், ஏறியிருந்த ஊழியர்களில் ஒருவர் உயிரிழந்தார். பொதுப்பணித் துறைச் சான்றும், காவல்துறை, தீயணைப்புத் துறை அனுமதிகளும் இதற்குப் பிறகு வருபவை. அந்தத் தாள்கள் கைக்கு வந்ததும் வேலை முடிந்தது என்று எண்ணும் நிர்வாகங்களைப் பார்த்திருக்கிறேன். ஆண்டு ஆய்வுக்கும், உதிரிபாகத்துக்கும், ராட்டினத்தை ஓட்டுபவருக்குத் தரும் பயிற்சிக்கும் ஒதுக்கப் பணமில்லை என்றால், அந்தப் பூங்காவுக்கு அந்த ராட்டினம் எந்த விலையிலும் மலிவல்ல.

பயணிகளுக்கும் சில சொல்ல வேண்டும். உயர அளவுக்கோலுக்கு முன்னால் குழந்தையை எக்கி நிற்கச் சொல்லாதீர்கள். அந்த அளவு, பிடிப்புக்கும் தோளுக்கும் நடுவே இடைவெளி விழாமல் இருப்பதற்காக வைத்தது. உடல் பருமனால் பிடிப்பு கடைசிப் பூட்டு வரை இறங்காத ஒருவரை ஓட்டுநர் இறக்கிவிட்டால், ஓட்டுநர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறார், அவமதிக்கவில்லை. பூட்டிய பிறகு பிடிப்பை நீங்களே ஒருமுறை மேலே தள்ளிப் பாருங்கள். அது அசைந்து மேலே எழுந்தாலோ, யாரும் வந்து ஒவ்வொரு இருக்கையாகத் தொட்டுப் பார்க்காமல் மணி அடித்தாலோ, கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லி இறங்கிவிடுங்கள். பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.