பி-பெண்டர் கிட்டாரில் ஸ்ட்ராப் பட்டன்: வாசிப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

பி-பெண்டர் (வாசிக்கும்போதே பி தந்தியின் சுதியை ஏற்றும் இயந்திர அமைப்பு) பொருத்திய டெலிகாஸ்டர் வகை எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று அண்மையில் என் பட்டறைக்கு வந்தது. வாசித்துக்கொண்டிருக்கும்போதே பின்முனை ஸ்ட்ராப் பட்டன் (தோள்பட்டியை மாட்டும் குமிழ்) ஸ்க்ரூவோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட, கிட்டார் தரையில் மோதி உடலின் கீழ்விளிம்பு நசுங்கியிருந்தது. உரிமையாளர் அந்த ஸ்க்ரூவைக் காகிதத்தில் மடித்து எடுத்துவந்திருந்தார். அதன் புரிகளுக்கிடையே மரத்தூள் அடைந்திருந்தது. உடலில் இருந்த துளையோ நகத்தால் வருடினாலே உதிரும் அளவுக்கு மாவாகிப்போயிருந்தது. ஒரே நாளில் ஏற்படும் சேதம் அல்ல இது. பல மாதங்களாகப் பட்டன் சிறிது சிறிதாக ஆடிக்கொண்டிருந்திருக்கிறது.

சாதாரணக் கிட்டாரில் ஸ்ட்ராப்பின் வேலை கருவியைத் தோளில் தாங்குவது மட்டுமே. ஸ்ட்ராப்பால் இயங்கும் பி-பெண்டரில் அதுவே இயந்திரத்தின் ஓர் உறுப்பு. 1960களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவில் கிளாரன்ஸ் ஒயிட் என்ற கிட்டார் கலைஞர், இரு கைகளும் வாசிப்பில் இருக்கும்போதே ஒரு தந்தியை மட்டும் இழுத்து அதன் சுதியை ஏற்றுவதற்கு வழி தேடினார். பெடல் ஸ்டீல் கிட்டாரில் காலால் மிதித்துப் பெறும் அந்த நெகிழ்வை, இயந்திர வேலையும் அறிந்த டிரம் கலைஞர் ஜீன் பார்சன்ஸ் டெலிகாஸ்டருக்குள் கொண்டுவந்தார். கழுத்தைக் கீழ்நோக்கி அழுத்தினால் தோளில் நிலைத்திருக்கும் ஸ்ட்ராப் முன்முனையின் மேற்பக்கப் பட்டனை இழுக்கிறது. உடலுக்குள் இருக்கும் நெம்புகோலின் முனைதான் அந்தப் பட்டன் என்பதால், நெம்புகோல் அசைந்து தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள பகுதியைத் திருப்ப, இரண்டாம் தந்தி பி-யிலிருந்து சி ஷார்ப்புக்கு ஏறுகிறது. ஒயிட் 1973இல் மறைந்தார். அந்த முதல் கருவி பின்னாளில் கன்ட்ரி இசைக் கலைஞர் மார்ட்டி ஸ்டூவர்ட்டின் கைக்கு வந்தது.

பி சுதியில் நிற்கும் 0.013 அங்குலத் தந்தியின் இழுவிசை ஏறத்தாழ 7 கிலோ. முழுச்சுரம் ஏறும்போது அது 9 கிலோவை நெருங்கும். நெம்புகோல் இருப்பதால் வாசிப்பவருக்கு அந்தப் பாரம் தெரிவதில்லை. ஆனால் மூன்றரைக் கிலோ எடையை ஏற்கெனவே தாங்கிக்கொண்டிருக்கும் ஸ்ட்ராப், ஒவ்வொரு அழுத்தத்திலும் இரு முனைகளையும் மீண்டும் மீண்டும் இழுக்கிறது. முன்முனையில் இருப்பது உலோக நெம்புகோல்; அது தாங்கும். பின்முனையில் இருப்பதோ வெறும் மரத்தில் இறங்கிய ஒரு ஸ்க்ரூ. அதிலும் பெரும்பாலான கிட்டார்களில் மரத்தின் நார் கழுத்தின் போக்கிலேயே ஓடுவதால், அந்த ஸ்க்ரூ நாருக்குக் குறுக்காக இறங்காமல் நாரின் போக்கிலேயே இறங்குகிறது. மரவேலை செய்பவர்கள் எல்லோரும் அறிந்ததுபோல் அந்தத் திசையில் பிடிப்பு குறைவு.

ஆகவே மாதம் ஒருமுறையாவது பின்பட்டனை விரலால் அசைத்துப் பாருங்கள். ஆடினால் ஸ்க்ரூவை இன்னும் முறுக்காதீர்கள். முறுக்க முறுக்கத் துளை மேலும் அரைபடும். பல்குச்சியும் பசையும் வைத்து அடைப்பது சாதாரணக் கிட்டாருக்குப் போதும், இதற்குப் போதாது. துளையைச் சற்றுப் பெரிதாக்கி, கடினமரத் துண்டைப் பசையுடன் இறக்கி, ஒரு நாள் முழுவதும் காயவிட்ட பிறகு புதுத் துளை போடுவதே நான் கடைப்பிடிக்கும் முறை. இறக்கும் துண்டின் நார் ஸ்க்ரூவுக்குக் குறுக்காக இருக்குமாறு வெட்டினால் பிடிப்பு கூடும்.

பி தந்தி சுதி நிற்கவில்லை என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, உட்கார்ந்து சுதி சேர்த்தீர்களா, நின்றா என்பதுதான். நெம்புகோலைத் திரும்பக் கொண்டுவரும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், கிட்டாரின் எடையே அதைச் சிறிது இழுத்துவிடும். மடியில் சரியாக இருந்த தந்தி, மாட்டிக்கொண்டு எழுந்ததும் ஏறி ஒலிக்கும். தந்தியை மாற்றினாலும் பிரடையை மாற்றினாலும் இது தீராது. ஸ்பிரிங்கை இறுக்க வேண்டும், அதன்பின் மேல்சுரம் சரியாக சி ஷார்ப்பில் நிற்கும்படி எல்லைத் திருகைச் சரிசெய்ய வேண்டும். இந்தக் கருவியை எப்போதும் நின்றபடி, ஸ்ட்ராப்பை மாட்டிக்கொண்டே சுதி சேருங்கள்.

நீளும் தன்மையுள்ள ஸ்ட்ராப் இதற்கு ஆகாது, ஏனெனில் நீங்கள் கொடுக்கும் அழுத்தத்தில் ஒரு பகுதியை அதுவே விழுங்கிவிடும். வழவழப்பான நைலான் தோளில் சறுக்கும். தடித்த தோல் ஸ்ட்ராப்பே நல்லது; அதிலும் பட்டன் நுழையும் துளை இழுபட்டு நீண்டிருந்தால் அதைத் தயங்காமல் மாற்றிவிடுங்கள். பூட்டு வகை ஸ்ட்ராப் பொருத்துபவர்கள் அதன் சிறு நட்டு தளர்கிறதா என்று ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்பும் பார்க்க வேண்டும். முன்முனை நெம்புகோலின் பட்டனை மட்டும் நீங்களாகக் கழற்றி வேறொன்றை மாட்டாதீர்கள். மரத்துக்கான ஸ்க்ரூ அங்கே பொருந்தாது.

பழைய, மதிப்புள்ள கிட்டாரில் பெண்டர் வைக்க விரும்பி வருபவர்களும் உண்டு. ஸ்ட்ராப்பால் இயங்கும் வகைக்கு உடலின் பின்புறத்தில் கணிசமான அளவு மரத்தைக் குடைந்தெடுக்க வேண்டும். எடுத்த மரத்தைத் திரும்ப வைக்க முடியாது. அவர்களிடம் நான் முதலில் உள்ளங்கையால் அழுத்தும் வகையையோ, இடுப்பால் தள்ளும் நெம்புகோல் வகையையோ சில மாதம் வாசித்துப் பார்க்கச் சொல்கிறேன். குடையத்தான் வேண்டுமென்றால், அதற்கென்று ஒரு புதிய உடலை வாங்கி வரச் சொல்கிறேன்.