ரோட் அடிக்கிறது முதல் அடி, நாங்க அடிக்கிறது ரெண்டாவது அடி

திருகோணமலை டவுனுக்குள்ள மான் திரியிறது வெளியூர் ஆக்களுக்குத்தான் அதிசயம், எங்களுக்கு பஸ் ஸ்டாண்டில நாய் படுத்திருக்கிற மாதிரி. பகல்ல கோட்டைப் பக்கம் மேஞ்சுகொண்டு சும்மா நிக்கும், ராவில நடுரோட்டில வந்து நிண்டு வாற லைட்டையே பாத்துக்கொண்டு நிக்கும். அப்பிடி ஒரு மானுக்கு பிரேக் அடிச்சு விழுந்த பெடியன்ட கதையில இருந்து தொடங்குறன்.

விழுந்த சத்தம் கேட்டு நாங்க ஓடிப் போறதுக்குள்ள அவன் எழும்பிட்டான். நெத்திப்பொட்டுப் பக்கம் ஒரு வீக்கம், முழங்கையில உரஞ்சல், அவ்வளவுதான். "எனக்கொண்டுமில்ல அண்ணை" எண்டு சிரிச்சான், ஆரோ ஓடிப்போய் சோடா வாங்கிக்கொண்டு வந்து குடுத்தாங்க, மதிலோட சாஞ்சு இருந்தான். "என்ட பைக் எங்க?" எண்டு கேட்டான், காட்டினம். கொஞ்சத்தில திரும்பவும் "என்ட பைக் எங்க?", திரும்பவும் காட்டினம். மூண்டாந்தரம் கேக்கேக்க எல்லாரும் சிரிச்சிட்டாங்க, நானும்தான். பிறகு தலையிடிக்குது எண்டான், குடிச்ச சோடாவ அப்பிடியே சத்தியெடுத்தான், கண்ண மூடினான். "பாவம் களைச்சிட்டான், படுக்கட்டும் விடுங்க" எண்டு ஒரு ஐயா சொன்னார். நல்ல காலம், பக்கத்து வளவில எங்கட மாமி ஒருத்தி, முந்தி நேர்ஸா இருந்தவ, போன் டோர்ச்ச எடுத்து அவன்ட இமையத் தூக்கி ஒரு கண்ணுக்கு அடிச்சா, மற்றக் கண்ணுக்கு அடிச்சா. அடிபட்ட பக்கத்துக் கண்மணி மட்டும் பெரிசா விரிஞ்சு வெளிச்சத்துக்கு சுருங்காமலே நிண்டது. மாமி சத்தமே போடல, "அம்புலன்ஸுக்கு அடி, 1990, இப்பவே" எண்டா.

எழும்பி நடந்து சிரிச்சுக் கதைச்சவன் அரை மணித்தியாலத்தில எப்பிடி அந்த நிலைக்கு போனான் எண்டு விளங்க, மண்டைக்குள்ள என்ன நடக்குது எண்டு பாக்கோணும்.

மூளை கிட்டத்தட்ட 1.4 கிலோ. ஆனா அது மண்டையோட்டுக்குள்ள தண்ணி மாதிரி ஒரு திரவத்தில மிதக்குது, மூளையையும் முள்ளந்தண்டுக்குள்ள இருக்கிற முண்ணாணையும் சுத்தி மொத்தமா ஒரு 150 மில்லிலீற்றர்தான் இருக்கும், ஒரு பிளேன்ரீக் கப் அளவு. மிதக்கிறதால மூளையின்ர பாரம் வெறும் 50 கிராம் அளவாத்தான் அதுக்குக் கீழ இருக்கிற நரம்புகள்ல ஏறுது. வெளியில எலும்பு, உள்ளுக்கு நீர்மெத்தை, நல்ல பாதுகாப்புத்தான், ஒரே ஒரு பிரச்சினை, அந்தப் பெட்டி விரியாது. கையில அடிபட்டா கை வீங்கும், மண்டையோடு வீங்காது.

நெத்திப்பொட்டுக்குப் பக்கத்தில எலும்பு மெல்லிசு, அதுக்கு நேர உட்பக்கம் ஒரு இரத்த நாடி ஓடுது. எலும்பு வெடிச்சா அந்த நாடியும் கிழியலாம், கிழிஞ்சா எலும்புக்கும் மூளைய மூடியிருக்கிற தடிச்ச உறைக்கும் இடையில இரத்தம் சேரத் தொடங்கும். இப்ப கிண்ணியா பஸ்ஸ நினைச்சுப் பாருங்க. கொண்டக்டர் "உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க" எண்டு ஆக்கள ஏத்திக்கொண்டே இருப்பார், முதல்ல ஆக்கள் கொஞ்சம் கொஞ்சமா நெருங்கி இடம் குடுப்பாங்க, பாக்கிற கண்ணுக்கு பஸ் ஓகே. மண்டைக்குள்ளயும் அப்பிடித்தான், இரத்தம் சேரச் சேர அந்த நீர் முதுகுப்பக்கம் இறங்கி இடம் குடுக்கும், நாளத்தில இருக்கிற இரத்தமும் வெளியேறி இடம் குடுக்கும், அழுத்தம் பெரிசா ஏறாது. பெடியன் சிரிச்சுக்கொண்டு சோடா குடிச்சது அந்த நேரத்திலதான். பிறகு ஒரு கட்டம் வரும், இனி நெருங்க ஆக்கள் இல்ல, இன்னும் ஒராள் ஏறினா புட்போர்ட்டில நிக்கிறவன் வெளிய விழோணும். மூளைக்கு இருக்கிற பெரிய வாசல் மண்டையோட்டுக்கு அடியில முண்ணாண் இறங்கிற ஓட்டை ஒண்டுதான், அந்தப் பக்கமா மூளை தள்ளுப்படும். போற வழியில கண்மணிய சுருக்கிற நரம்ப நசுக்கும், அதாலதான் ஒரு கண்மணி விரிஞ்சுபோகும். இன்னும் தள்ளினா மூச்ச நடத்துற இடமே நசுங்கும்.

அந்த இடைப்பட்ட "நல்லா இருக்கிற" நேரம்தான் ஆக்கள ஏமாத்துறது. எல்லாருக்கும் அது வரும் எண்டும் இல்ல, சிலர் விழுந்த உடனேயே மயங்கி அப்பிடியே இருப்பாங்க, சிலருக்கு மூளை குலுங்கினதோட சரி, ஸ்கேன்லயும் ஒண்டும் தெரியாது, ரெண்டு கிழமை தலையிடியும் மறதியும் எரிச்சலும் இருந்துட்டு அடங்கிப்போகும். ரோட்டோரத்தில வச்சு இது எந்த வகை எண்டு உங்களாலயும் ஏலாது என்னாலயும் ஏலாது. அடிபட்டவன் போகப் போக தெளியிறானா மங்குறானா எண்டது மட்டும் ஆருக்கும் தெரியும், உண்மையில ஆஸ்பத்திரியிலயும் அதைத்தான் மணித்தியாலக் கணக்கா பாக்கிறாங்க. 1974ல ஸ்கொட்லாந்தின்ர கிளாஸ்கோவில டீஸ்டேல், ஜென்னட் எண்டு ரெண்டு நரம்பியல் சத்திரசிகிச்சை டொக்டர்மார் ஒரு அளவுகோல் கொண்டுவந்தாங்க. கண் தானா திறக்குதா இல்ல கூப்பிட்டாத்தானா, கதை பொருத்தமா இருக்கா, சொன்னபடி கை கால் அசைக்கிறானா, இந்த மூண்டுக்கும் புள்ளி போட்டு கூட்டினா முழுசா தெளிவா இருக்கிற ஆளுக்கு 15, ஒண்டுமே இல்லாட்டி 3. வோர்ட்டில நேர்ஸ்மார் "ஜீசீஎஸ் எவ்வளவு" எண்டு கேக்கிறது இதைத்தான். மருந்து தெரியாத ஆளுக்கும் இதை செய்து பாக்கலாம், பேர் கேளுங்க, இது எந்த இடம் எண்டு கேளுங்க, என்ட விரல இறுக்கிப் பிடி எண்டு சொல்லுங்க, மணியக் குறிச்சு வையுங்க, பத்து நிமிசத்தால திரும்பக் கேளுங்க. மாமி அண்டைக்கு சத்தியெடுத்த மணியையும் கண்மணி விரிஞ்சதைக் கண்ட மணியையும் தன்ட உள்ளங்கையில பேனையால எழுதினா, அம்புலன்ஸில வந்த தம்பி முதல்ல கேட்டதும் அதைத்தான்.

திரும்பத் திரும்ப சத்தி, கூடிக்கொண்டே போற தலையிடி, ஒரே கேள்விய திரும்பக் கேக்கிறது, வலிப்பு, ஒரு பக்கக் கை கால் சோர்றது, காதாலயோ மூக்காலயோ தண்ணி மாதிரி இல்லாட்டி இரத்தம் கலந்து வடியிறது, கண்ணைச் சுத்தியும் காதுக்குப் பின்னாலயும் கண்டிப்போறது, இதுல ஒண்டைக் கண்டாலும் வீட்ட கூட்டிக்கொண்டு போறதப் பத்தி யோசிக்க வேண்டாம். காதில வடியிறத பஞ்சு வச்சு அடைக்கவும் வேண்டாம், அடியில எலும்பு வெடிச்சிருந்தா அது மூளை மிதக்கிற நீரா இருக்கும், அடைச்சா கிருமி உள்ளுக்குப் போக நாங்களே வழி செய்து குடுக்கிறம். எனக்கு சரியான கோபம் வாறது இன்னொண்டுக்கு, "வெறியில கிடக்கிறான், விடு" எண்டு சொல்லிட்டுப் போறது. மண்டைக்குள்ள இரத்தம் கசியிறவனும் உளறுவான், தள்ளாடுவான், சத்தியெடுப்பான், தூங்குவான், குடிச்சவனும் அதேதான். வாயில சாராயம் மணக்குதெண்டா ரெண்டும் சேந்திருக்கவும் கூடும்.

வயசான ஆக்கள்ட கதை வேற. வயசு போகப்போக மூளை கொஞ்சம் சுருங்கும், மூளைக்கும் உறைக்கும் இடையில பாலம் மாதிரி போற சின்ன நாளங்கள் இழுபட்டு நிக்கும், பாத்ரூமில சறுக்கி சுவரோட லேசா இடிச்சாலே அதுல ஒண்டு அறலாம். நாளத்து இரத்தம் மெல்லக் கசியும், சுருங்கின மூளையச் சுத்தி இடமும் தாராளம், அதால ரெண்டு மூண்டு கிழமை கழிச்சுத்தான் அம்மம்மா தடுமாறுறா, பேர் மாறிச் சொல்லுறா, "வயசு போயிட்டுது" எண்டு நாங்க விட்டிருவம். இரத்தம் உறையாம இருக்க வோபரின் மாதிரி குளிசை போடுற ஆள் எண்டா சின்ன இடியும் சின்ன இடி இல்ல.

சரி, இப்ப முதுகுப்பக்கம். நிலாவெளி ரோட்டில ஆராவது விழுந்தா அஞ்சு நிமிசத்துக்குள்ள ஒரு ஓட்டோ வந்து நிக்கும், நாலு பேர் கை காலில தூக்கி, ஓட்டோவுக்குள்ள ஆளை மடிச்சு, தலை ஒருத்தன்ட மடியில, கால் வெளியில தொங்க, ஹோர்ன் அடிச்சுக்கொண்டு பறப்பாங்க. அந்த மனசில ஒரு குறையும் இல்ல. ஆனா முதுகு முறிஞ்ச ஆளை "ட" மாதிரி மடிக்கிறதுக்கு ஓட்டோ சீற்ற விட மோசமான இடம் கிடையாது.

பள்ளிக்கூடத்தில முண்ணாண் எண்டு படிச்சது ஞாபகம் இருக்கா, மூளையில இருந்து முள்ளந்தண்டுக்குள்ளால இறங்கிற நரம்புக் கயிறு. சுண்டுவிரல் தடிப்பு, 45 சென்ரிமீற்றர் அளவு நீளம், இடுப்புக்கு மேலேயே முடிஞ்சிரும், அதுக்குக் கீழ குதிரை வால் மாதிரி நரம்புகள் மட்டும்தான் தொங்கும். உடம்பு முழுக்க போற கட்டளையும் வாற உணர்ச்சியும் அதுக்குள்ளாலதான், அதால எந்த மட்டத்தில அடிபடுதோ அதுக்குக் கீழ லைன் கட். இடுப்பு மட்டத்தில எண்டா கால், நெஞ்சு மட்டத்தில எண்டா வயிற்றுத் தசையும் சேந்து, கழுத்துக்கு ஏறினா கையும். கழுத்தில மூண்டாம் நாலாம் அஞ்சாம் நரம்புகள்தான் மூச்சிழுக்கிற தசையான பிரிமென்றகட்ட அசைக்கிறது, அதுக்கு மேல போனா மூச்சே தானா வராது.

எலும்பு முறிஞ்சா முண்ணாணும் போயிட்டுது எண்டு அர்த்தம் இல்ல, இதுதான் நான் முக்கியமா சொல்ல வந்தது. எலும்பு உடைஞ்சு, உள்ள கயிறு இன்னும் முழுசா இருக்கிற ஆளும் ரோட்டில கிடப்பார், அவர மடிச்சு முறுக்கித் தூக்கினா உடைஞ்ச துண்டு நகர்ந்து கயிற நசுக்கலாம். மூளையிலயும் இதே கதைதான், விழுந்த நேரம் செத்த கலத்தை ஒரு டொக்டராலயும் எழுப்ப ஏலாது, ஆனா சுத்தி இருக்கிற உயிருள்ள கலங்கள் காத்துக் குறைஞ்சா, இரத்த அழுத்தம் விழுந்தா, வீக்கம் கூடினா அடுத்த மணித்தியாலங்கள்ல சாகும். முதல் அடிய தடுக்க நாங்க அங்க இருக்கல, ரெண்டாவதுக்கு நாங்க பக்கத்திலதான் நிக்கிறம்.

கழுத்து இல்லாட்டி முதுகு நோகுது, கை கால் விறைக்குது, எறும்பு ஓடுற மாதிரி இருக்கு, காலை அசைக்க ஏலாது, தெரியாமலே சிறுநீர் போயிட்டுது, நெஞ்சு அசையாம வயிறு மட்டும் ஏறி இறங்குது, இதெல்லாம் முண்ணாண் அடிபட்ட அடையாளம். மயங்கிக் கிடக்கிறவன் நோகுது எண்டு சொல்ல மாட்டான், அதால மண்டை அடிபட்டு மயங்கின எல்லாரையும் கழுத்தும் அடிபட்டவன் எண்டே வச்சுக்கொள்ளுங்க. கழுத்து மட்டத்தில அடிபட்டா இரத்தக்குழாய இறுக்கிப் பிடிக்கிற கட்டளையும் நிண்டுபோகும், அழுத்தம் விழும், இரத்தம் நிறையப் போன ஆளுக்கு உடம்பு குளிர்ந்து நாடி வேகமா ஓடும், இவர் சூடா இருப்பார் நாடி மெதுவா போகும், பாக்க அமைதியா இருக்கிறார் எண்டு நினைச்சு ஏமாற வேண்டாம்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்ல, பொறுமைதான் வேணும். வாற வாகனத்த ஒருத்தர் மறிக்கோணும். ஒருத்தர் அடிபட்டவர்ட தலைப்பக்கம் முழங்கால்ல இருந்து, முழங்கைய நிலத்தில ஊண்டி, ரெண்டு கையாலயும் தலைய ரெண்டு பக்கமும் அசையாம பிடிக்கோணும், இழுக்கவும் கூடாது நிமித்தவும் கூடாது, கழுத்து கோணலாக் கிடந்தா கோணலாவே. அவர்ட முகத்துக்கு நேர நிண்டு கதையுங்க, பக்கத்தில நிண்டு கூப்பிட்டா பாவம் தலையத் திருப்புவார். சோடா, தண்ணி, பனடோல் ஒண்டும் வாயில வேண்டாம், புரைக்கேறும், ஒப்பரேசனுக்கும் சிக்கல். அம்புலன்ஸுக்கு 1990, சுவசெரிய, காசில்ல, 2016ல இந்திய உதவியோட மேல், தென் மாகாணங்கள்ல தொடங்கினது, இப்ப எங்கட பக்கமும் ஓடுது. அடிக்கேக்க இடத்த தெளிவா சொல்லுங்க, "சந்திக்குக் கிட்ட" எண்டா திருகோணமலையில எத்தனை சந்தி.

இதுக்கெல்லாம் மேல ஒண்டு இருக்கு, மூச்சு. கழுத்த அசைக்கக் கூடாது எண்டு சொல்லிச் சொல்லியே சத்தி புரைக்கேறி சாக விட்டிராதீங்க. சத்தியெடுத்தா நாலு பேர் சேந்து, தலை பிடிக்கிறவர் எண்ண, தலை தோள் இடுப்பு எல்லாம் ஒரே மரக்குத்தி மாதிரி ஒண்டா உருட்டிப் பக்கவாட்டில வையுங்க. தனிய நிண்டா தனியவே உருட்டுங்க. மல்லாக்கக் கிடந்து குறட்டை மாதிரி சத்தம் வந்தா அது தூக்கம் இல்ல, நாக்கு தொண்டைய அடைக்குது, தலையப் பின்னுக்குச் சாய்க்காம ரெண்டு பக்கத் தாடை மூலையிலயும் விரல் குடுத்து முன்னுக்குத் தள்ளுங்க. அம்புலன்ஸே வராத இடம், வாகனம் எரியுது, கடல் அலைக்குள்ள கிடக்கிறார் எண்டா நகர்த்தத்தான் வேணும், அப்ப கதவோ பலகையோ நீள வாங்கோ தேடுங்க, கிடத்தினபடி வான்ல இல்லாட்டி பட்டா லொறியில ஏத்தலாம்.

கடல் எண்டதும் உப்புவெளிப் பெடியள் ஞாபகம் வருது. தண்ணி எவ்வளவு ஆழம் எண்டு பாக்காம தலைகீழா பாயிறது, தலை மணல்ல குத்த உடம்பின்ர முழுப் பாரமும் கழுத்தில வந்து இறங்கும், அடிக்கடி உடையிறது அஞ்சாம் ஆறாம் கழுத்தெலும்பு, அப்பிடியே குப்புற மிதப்பான், "விளையாடுறான்" எண்டு மற்றவன் சிரிப்பான். தென்னை பனையில இருந்து காலால விழுந்தவருக்கு அதிர்ச்சி கால்வழியா ஏறி நெஞ்சும் இடுப்பும் சந்திக்கிற எலும்ப நசுக்கும், குதிக்கால் உடைஞ்சு வந்தவருக்கு டொக்டர் ஏன் முதுக எக்ஸ்ரே எடுக்கிறார் எண்டு கேக்காதீங்க.

கிட்டத்தட்ட 3600 வருசத்துக்கு முந்தின எகிப்து மருத்துவ ஏடு ஒண்டில கழுத்தெலும்பு விலகி கை கால் உணர்விழந்தவரப் பத்தி இருக்கு, இது வைத்தியம் பாக்கிற நோயில்ல எண்டு எழுதி விட்டிட்டாங்க. கிட்டத்தட்ட போன நூற்றாண்டு வரைக்கும் அதேதான் நிலைமை. 1944ல இங்கிலாந்தின்ர ஸ்டோக் மாண்டவில்ல குட்மன் எண்ட டொக்டர் பொறுப்பெடுத்து செய்த முக்கியமான வேலை என்னெண்டு நினைக்கிறீங்க, ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா நோயாளியப் புரட்டிப் படுக்க வைக்கிறது. ஏனெண்டா அந்த ஆக்கள் செத்தது முண்ணாண் அறுந்ததால இல்ல, படுக்கைப்புண்ணாலயும் சிறுநீர்க் கிருமியாலயும்தான். அங்க அவர் 1948ல தொடங்கின விளையாட்டுப் போட்டிதான் பிறகு பரலிம்பிக் ஆச்சு. எங்கட நாட்டில இதுக்கு ராகமவில புனர்வாழ்வு ஆஸ்பத்திரி இருக்கு, சக்கர நாற்காலியில ஏறி இறங்கிறதில இருந்து சமையல் வரைக்கும் புதுசா பழக்குவாங்க.

எங்கட மான் கதைப் பெடியனுக்கு மண்டையத் துளைச்சு இரத்தத்த எடுத்தாங்க, பிழைச்சான். இப்ப வேலைக்கும் போறான், நிறைய சத்தம் உள்ள இடத்தில தலையிடி வரும், அந்த இரவு ஒண்டும் ஞாபகம் இல்ல, சோடா குடிச்சது கூட. ஹெல்மட் போட்டிருந்தியா எண்டு ஆராவது கேட்டா "ஓம்" எண்டுதான் சொல்லுவான், பொய்யில்ல. நிண்ட உயரத்தில இருந்து விழுந்தாலே தலை மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில தரையில இடிக்கும், ஹெல்மட்டுக்குள்ள இருக்கிற ரெஜிபோம் நசுங்கி அந்த வேகத்த ரெண்டு மூண்டு சென்ரிமீற்றர் தூரத்துக்குப் பரப்பும், தார் ரோட்டில சில மில்லிமீற்றருக்குள்ள நிக்க வேண்டிய தலைக்கு அது எத்தனை மடங்கு குறைஞ்ச அடி எண்டு கணக்குப் போட்டுப் பாருங்க. ஆனா வார் பூட்டேல்ல. அடுத்த நாள் காலம்பிற கானுக்குள்ள இருந்து அதை நான்தான் எடுத்துக் குடுத்தன், உள்ள போம் அப்பிடியே புதுசு மாதிரி, வெளியில ஒரு கீறலும் இல்ல.