வெயில்தட்டி: 'பிரீஸ் சொலேய்' என்னும் கட்டடக்கலைச் சொல்

'பிரீஸ் சொலேய்' பிரெஞ்சுக் கூட்டுச்சொல். முதற்பகுதி உடைத்தல் என்ற வினையிலிருந்து வந்தது. பிற்பகுதிக்குச் சூரியன் என்று பொருள். துறைமுகத்தில் அலையை உடைக்கும் கட்டுமானத்தைப் பிரெஞ்சில் 'பிரீஸ் லாம்' என்பார்கள். அதே வார்ப்பில் அமைந்த சொல் இது. சன்னலுக்கு வெளியே நின்று, நேர்வெயிலைத் தடுத்து, காற்றையும் வெளிச்சத்தையும் உள்ளே விடும் அமைப்புக்கு இப்பெயர். வெளியே நிற்பதுதான் இதில் முக்கியம். ஏனெனில் உட்புறத் திரை வெயிலைத் தடுப்பதற்குள் வெப்பம் கண்ணாடியைக் கடந்து அறைக்குள் வந்துவிடுகிறது.

இச்சொல்லை உலகறியச் செய்தவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் லெ கொர்புசியே. அவர் வடிவமைத்து 1954-இல் முடிந்த அகமதாபாத் மில் உரிமையாளர் சங்க அலுவலகத்தைப் பார்த்தால் பொருள் தெளிவாகும். சாலையை நோக்கிய மேற்கு முகப்பில் கான்கிரீட் பலகங்கள் சாய்கோணத்தில் நிற்கின்றன. பிற்பகலில் தாழ்ந்து வரும் வெயிலை மேலே நீட்டிய பலகை தடுக்காது, செங்குத்தாக நின்று பக்கவாட்டில் திரும்பிய பலகமே தடுக்கும். சபர்மதி ஆற்றை நோக்கிய கிழக்கு முகப்பிலோ பலகங்கள் திரும்பாமல் முகப்பிலிருந்து நேர் வெளியே நீட்டி நிற்பதால் ஆறு கண்ணுக்குத் தெரிகிறது, காற்றும் தடையின்றி வருகிறது. வடக்கிலும் தெற்கிலும் பெரும்பாலும் திறப்பில்லாத செங்கற்சுவர்கள். பிரேசில் கட்டடக்கலைஞர்கள் லூசியோ கோஸ்டா, ஆஸ்கார் நீமேயர் முதலியோர் ரியோ டி ஜெனீரோவில் வடிவமைத்து 1945-இல் திறக்கப்பட்ட கல்வி அமைச்சகத்தில் இவ்வமைப்பு வடக்கு முகப்பில் இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே வெயில் அதிகம் விழுவது அந்தத் திசையில்தான். ஆகவே ஓரிடத்துப் பலகத்தை அப்படியே பெயர்த்து வேறோர் ஊரில் ஒட்டுவது வெறும் அலங்காரமாகிவிடும்.

இதைத் தமிழில் எப்படி அழைப்பது? 'சன்ஷேடு' என்பது சன்னல் மேல் நீளும் பலகைக்கு வழங்கிவிட்டது. 'வெயில்தடுப்பு' குடைக்கும் திரைக்கும்கூடப் பொருந்தும் அளவுக்குப் பொதுவானது. 'கதிர்மறைப்பு' என்றால் வெளிச்சமே வராது என்று தோன்றும். 'வெயில்தட்டி' என்பதே என் தேர்வு. தாழ்வாரத்து மூங்கில் தட்டியும் வெட்டிவேர்த் தட்டியும் வெளிப்புறத்தில் தொங்கி, வெயிலை நிறுத்திக் காற்றை விடுகின்றன. இதன் வேலையும் அதுவே. கான்கிரீட்டைத் தட்டி என்னலாமா என்று தயங்க வேண்டியதில்லை: மூங்கில், ஓலை, வேர் எனப் பொருள் மாறினாலும் தட்டி என்ற பெயர் மாறவில்லை.