மாட்டுக்குத் திமிர் இல்லைங்க

"ஏனுங் டாக்டரே, பால எறக்கற ஊசி ஒண்ணு போட்டு உடுங்க. திமிரெடுத்த மாடு, பால ஒளிச்சு வச்சுக்குது."

ஈரோடு கருங்கல்பாளையத்தில் வியாழக்கிழமை சந்தை கூடினால், வெள்ளியோ சனியோ எனக்கு இந்த போன் வந்துவிடும். கடைசியாகப் போனது தாராபுரம் பக்கம் ஒரு தோட்டம். ஜெர்சி கலப்பு மாடு. காய்ச்சல் இல்லை, மடிநோய் இல்லை, அசை போட்டுக்கொண்டுதான் இருந்தது. விலாவில் மட்டும் வரிவரியாகத் தடிப்பு. சந்தையில் பத்து லிட்டர் என்று சொன்ன மாடு மூன்று லிட்டரோடு நிறுத்திக்கொண்டதாம், அதற்கு அடி. பொறுத்துப் பார்த்துவிட்டேன், எழுதிவிடுகிறேன்.

முதலில் இந்தத் திமிர்க் கதை. மடியில் இருக்கும் பாலில் பெரும்பங்கு உள்ளே நுண்ணிய பைகளில் தங்கியிருக்கும். கன்று முட்டும்போது, பழகிய கை காம்பில் படும்போது, சில மாட்டுக்குப் பால்சட்டியின் சத்தம் கேட்டாலே, மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் இறங்கும். அது வந்து அந்தப் பைகளை அழுத்தினால்தான் பால் கீழே வரும். மாடு பயந்தால் இந்த வேலை நின்றுபோகும். மாடு நினைத்து நிறுத்துவதல்ல இது. நினைத்தாலும் அதனால் திறந்துவிட முடியாது. 1941இலேயே அமெரிக்காவில் சோதித்திருக்கிறார்கள். மாட்டின் முதுகில் பூனையை ஏற்றிவிட்டு, காகிதப் பையை ஊதிப் பட்பட்டென்று வெடித்தார்கள். பால் இறங்கவில்லை. (பூனையின் நிலைமையை யாரும் எழுதி வைக்கவில்லை.) 1999இல் வந்த இன்னொரு ஆய்வில், முன்பு தன்னை மிரட்டிய ஆள் கறவை நேரத்தில் பக்கத்தில் சும்மா நின்றதற்கே, கறக்க வராமல் மடியில் தங்கிய பால் 70 சதவீதம் கூடியது. அவர் அன்றைக்கு அடிக்கக்கூட இல்லை. ஆளை அடையாளம் வைத்திருக்கிறது மாடு. இப்போது சொல்லுங்கள், சாட்டையால் அடித்து எந்தப் பாலை இறக்கப் போகிறீர்கள்?

சரி, எதற்குப் பயம்? காங்கேயம் பக்கம் கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காடு, இன்னும் மிச்சம் இருக்கிற தோட்டம் ஏதாவது இருந்தால், ஒரு நாள் காலையில் வெள்வேல மரத்தடியில் போய் உட்காருங்கள். போனைப் பையில் வையுங்கள். கிழுவை வேலிக்குள் மாடுகள் இஷ்டத்துக்கு மேய்கிற மாதிரிதான் முதலில் தெரியும். கொஞ்ச நேரம் பார்த்தால் கணக்கு பிடிபடும். தண்ணித்தொட்டிக்கு எது முதலில் வருகிறது, எது ஒதுங்கி நிற்கிறது என்று ஒரு வரிசை இருக்கும். பெரும்பாலும் சண்டையே வராது; மூத்த சாம்பல் நிற மயிலைப் பசு தலையை லேசாகச் சாய்த்தால் செவலைக் கிடேரி விலகிவிடும். எந்த மாடு எதன் கழுத்தை நக்குகிறது என்று பாருங்கள். ஆள் மாறாது. நாளைக்கும் அதே ஜோடிதான். செபு எனும் திமிலுள்ள இன மாடுகளில் இந்தச் சிநேகம் வருடக்கணக்கில் நீடிப்பதைக் கண்டிருக்கிறார்கள். பழகிய துணையோடு கட்டினால் இதயத்துடிப்பு தணிந்திருக்கும், தெரியாத மாட்டோடு கட்டினால் ஏறும் என்பதையும் அளந்திருக்கிறார்கள்.

குரலும் அப்படித்தான். பக்கத்தில் இருக்கும் கன்றிடம் பசு வாயைத் திறக்காமல் தாழ்ந்த குரலில் முனகும். கன்று கண்ணில் படாவிட்டால் உச்சத்தில் கத்தும். ஒவ்வொரு பசுவுக்கும் குரல் வேறு, கன்றுக்கும் வேறு. இதை இங்கிலாந்தில் ஒலிப்பதிவு செய்து 2014இல் வெளியிட்டார்கள். எங்களூர் ஆத்தாக்கள் சமையல்கட்டில் இருந்தபடியே "மயிலை கன்னத் தேடுது, அவுத்து உடு கண்ணு" என்பார்கள்.

இப்படி இருந்த உயிரை ஒரே நாளில் கன்றிடமிருந்து பிரித்து, நக்கிக் கொடுத்த துணையிடமிருந்து பிரித்து, குட்டியானை வண்டியில் ஏற்றி, தெரியாத கட்டுத்தறியில் ஒண்டியாகக் கட்டி, சாயங்காலம் பத்து லிட்டர் கேட்கிறீர்கள்.

பால் இறக்கும் ஊசி, அதாவது அந்த ஆக்ஸிடோசினை வெளியிலிருந்து ஏற்றுவது பற்றி நீட்டி எழுத எனக்குப் பொறுமை இல்லை. பால் கூட்டுவதற்காக மாட்டின் உடம்புக்குக் கேடான எதையும் ஏற்றுவது மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960, பிரிவு 12இன் கீழ் குற்றம். நான் போட மாட்டேன். கடையில் சீட்டு இல்லாமல் வாங்கித் தினமும் குத்துகிறவர்கள், ஊசி இல்லாமல் சுரக்காத மாட்டைத் தாங்களே உண்டாக்குகிறார்கள்.

சந்தையில் பல்லைப் பார்க்கிறீர்கள், சுழியைப் பார்க்கிறீர்கள். விற்கிறவரிடம் இதையும் கேளுங்கள்: கறந்தது ஆம்பளையா பொம்பளையா, எந்தப் பக்கம் உட்கார்ந்து, என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள், பக்கத்தில் எந்த மாடு கட்டியிருந்தது. முடிந்தால் ஜோடியாக வாங்குங்கள். கன்றோடு வந்தால் ரொம்ப நல்லது; நாட்டு மாடு என்றால் கன்று இல்லாமல் வாங்கவே வேண்டாம். வந்த மாட்டை ஒண்டியாகக் கட்டாதீர்கள், இன்னொரு மாடு கண்ணில் படுகிற இடத்தில் கட்டுங்கள். மந்தையில் சேர்த்தால் சில நாள் முட்டிக்கொள்ளும், வரிசை போடுகிறது, கம்பை எடுக்காதீர்கள். தீனித்தொட்டியைத் தள்ளித் தள்ளி இரண்டாக வையுங்கள். பின்னாலிருந்து சத்தமில்லாமல் போகாதீர்கள்; நேர் பின்பக்கம் அதற்குக் கண் தெரியாது, உதைத்தால் குற்றம் உங்களுடையது. பேசிக்கொண்டே போங்கள். ஒரே ஆள் கறக்கட்டும். அடித்த ஆள், தயவுசெய்து, கறவை நேரத்தில் அந்தப் பக்கமே வர வேண்டாம்.

ஒரு வாரம் கொடுங்கள். ஆனால் மடி சூடாகி, கல்லாக இறுகி, பால் திரிதிரியாக வந்தால் ஒரு நாளும் பொறுக்காதீர்கள். அது மடிநோய். ராத்திரி எத்தனை மணியானாலும் கூப்பிடுங்கள், வருகிறேன்.