மத்தியானத்தோடு தண்ணீர் நிறுத்தும் பெரியப்பா

பெரியப்பாவுக்கு 71 வயது. வெள்ளவத்தையில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு இரவு பஸ் ஏறும் நாளில், மத்தியானச் சாப்பாட்டோடு தண்ணீரை நிறுத்திவிடுவார். பின்னேரத் தேத்தண்ணியும் கிடையாது. காலி வீதியில் எந்தக் கடையில் கழிவறை உண்டு, எங்கே கேட்டால் முகம் சுளிக்காமல் விடுவார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஏன் என்று கேட்டால், "வயசு போனா இப்பிடித்தான் தம்பி" என்பார்.

பாதி சரி. அடிக்கடி சலம் வருவதற்கு, வயதோடு வீங்கும் புரொஸ்டேட் என்ற சுரப்பி ஒரு காரணம். 2019 இல் உலகம் முழுவதும் ஏறக்குறைய 9 கோடி 40 இலட்சம் ஆண்கள் புரொஸ்டேட் வீக்கத்தோடு இருந்ததாக மதிப்பிட்டார்கள். 2000 இல் அது 5 கோடியைச் சற்றுத் தாண்டியிருந்தது. நோய் புதிதாக வேகம் எடுக்கவில்லை, ஆண்கள் அதிக காலம் வாழ்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் வயது மட்டுமே காரணம் என்று விட்டுவிடவும் முடியாது.

முன்னிற்கும் சுரப்பி என்று தமிழில் சொல்லப்படும் புரொஸ்டேட், சலப்பைக்கு நேர் கீழே இருக்கிறது. இளவயதில் சின்னத் தேசிக்காய் அளவு, சுமார் 20 கிராம். விந்துநீரின் ஒரு பங்கைச் சுரப்பது அதன் வேலை. சிக்கல் அது இருக்கும் இடத்தில். சலம் வெளியேறும் குழாய் அதன் நடுவால்தான் போகிறது. நாற்பது வயதுக்குப் பிறகு, அந்தக் குழாயைச் சுற்றியுள்ள உட்பகுதி மெல்ல வளரத் தொடங்குகிறது. (வயதான நாய்களுக்கும் இது வரும். ஆனால் அவற்றின் சுரப்பி வெளிப்பக்கமாக வளர்ந்து குடலை அழுத்துவதால், அவை மலம் கழிக்கத்தான் கஷ்டப்படும்.) புற்றுநோய் பெரும்பாலும் சுரப்பியின் வெளிவிளிம்பில் தொடங்குகிறது. இந்த வீக்கம் புற்றுநோயாக மாறுவதில்லை.

ஏன் வளர்கிறது? 1974 இல் டொமினிக்கன் குடியரசின் ஒரு கிராமத்தைப் பற்றி வந்த ஆய்வு நல்ல துப்புக் கொடுத்தது. அங்கே சில ஆண்களுக்குப் பிறவியிலேயே ஒரு நொதியம் குறைவு. ஆண் ஹோர்மோனான டெஸ்டொஸ்டிரோனை அதைவிட வீரியமான டைஹைட்ரோ டெஸ்டொஸ்டிரோனாக மாற்றுவது அந்த நொதியம்தான். அவர்களுக்கு டெஸ்டொஸ்டிரோன் போதுமான அளவு இருந்தும் புரொஸ்டேட் சின்னதாகவே நின்றுவிட்டது. அந்த நொதியத்தைத் தடுக்கும் ஃபினாஸ்டரைட் குளிசை 1992 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சுரப்பியைச் சுமார் கால்பங்கு சுருக்கும், ஆனால் ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும்.

இனிக் குழாய்க்கு வருவோம். நேரான, விறைப்பான ஒரு குழாயின் விட்டம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் ஓட்டம் ஏறக்குறைய 60 வீதம் குறைந்துவிடும். உடலில் உள்ள குழாய் நெகிழக்கூடியது, கணக்கு இவ்வளவு கச்சிதமாக வராது. ஆனாலும் சிறு நெருக்கல் ஏன் பெரிய தொல்லையாகிறது என்பது விளங்கும். சுரப்பிக்குள்ளும் சலப்பையின் கழுத்திலும் நாம் நினைத்து அசைக்க முடியாத தசையும் இருக்கிறது. அது இறுகினால் வழி இன்னும் ஒடுங்கும். தடிமனுக்கு வாங்கும் சில குளிசைகளில் மூக்கடைப்பைத் திறக்கும் மருந்து இந்தத் தசையை இறுக்கும், சளியை உலர்த்தும் மருந்து சலப்பையைச் சோர்வாக்கும். நேற்றுவரை சமாளித்தவருக்கு இன்று ஒரு சொட்டும் போகாமல் நிற்பது இப்படியும் நடக்கும். அடிவயிறு வீங்கி வலித்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்க் குழாய் போட்டு வெளியேற்ற வேண்டும். டாம்சுலோசின் போன்ற மருந்துகள் அதே தசையைத் தளர்த்துகின்றன. சில நாள்களிலேயே பலன் தெரியும். கண்புரைக்குச் சத்திரசிகிச்சை செய்யப் போகிறவர், இதைக் குடிப்பதாகக் கண் டொக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். கண்மணியைச் சுற்றியுள்ள நிறமான திரை சத்திரசிகிச்சையின்போது தளர்ந்து போகலாம்.

எனக்கு இதில் பாவமாகத் தெரிவது சலப்பை. ஒடுங்கிய வழியால் தள்ளித் தள்ளி அதன் தசை தடிக்கிறது. பிறகு பொறுமை கெட்டு, பாதி நிரம்புமுன்னே சுருங்கப் பார்க்கிறது. அதுதான் ஓடு ஓடு என்று துரத்தும் அவசரம். இன்னும் போனால் களைத்து, முழுதும் வெளியேற்ற முடியாமல் மிச்சம் வைக்கிறது. அந்த மிச்சத்தில் தொற்றும் வரும், கல்லும் உண்டாகும். ஸ்கானில் சுரப்பி பெரிதாகத் தெரிந்தும் சிலர் நிம்மதியாக உறங்குவதும், சின்னச் சுரப்பிக்காரர் நாலு தடவை எழும்புவதும் இதனால்தான். அளவைக் கேட்டுப் பயந்து பிரயோசனம் இல்லை. மருந்துக்கு மசியாவிட்டால், உள்ளே கருவியை விட்டு வழியைச் சுரண்டி அகலமாக்கும் சத்திரசிகிச்சை இருக்கிறது.

இராத்திரி எழும்புவதற்கு எல்லாம் புரொஸ்டேட் மீது பழி போடவும் கூடாது. நீரிழிவு சலத்தைக் கூட்டும். பகலெல்லாம் கால் தொங்கப்போட்டு இருப்பவருக்குக் காலில் தேங்கிய நீர், படுத்ததும் இரத்தத்துக்குத் திரும்பிச் சலமாகும்.

பெரியப்பா ஒருவழியாகப் போன மாதம் கிளினிக்குக்கு வந்தார். டொக்டர் முதலில் மருந்து எழுதவில்லை. அளவுக் குவளை ஒன்றில் மூன்று நாள் சலத்தை அளந்து, நேரத்தோடு எழுதி வரச் சொன்னார். பார்த்தால் மொத்தத்தில் பாதிக்கு மேல் இரவில்தான். கொப்பியை மூடிவிட்டு டொக்டர் கேட்டார்: "ஐயா, பிரஷருக்குத் தந்த அந்தத் தண்ணீர் இறக்குற குளிசை, எத்தனை மணிக்குப் போடுறீங்கள்?"

"பின்னேரம் ஆறு மணிக்கு," என்றார் பெரியப்பா.